மாப்ளே, உன்ற பல்லுக்கு ஒரு கிராக்கி வந்திருக்கு!

பல்வலி வந்தா மொதல் வேலையா என்ன செய்யோணும் தெரியுமா மாப்ளே? எவன்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. சொன்னேன்னு வையி, டீக்கடை பெஞ்சுல இருக்கற அத்தனை பேரும் அந்த நிமிசமே டாக்டராயிருவாங்க. ஒருத்தன் கிராம்பை மென்னு அடக்கிக்கம்பான். இன்னொருத்தன் பொகையிலைக் காம்பை வச்சு அழுத்தும்பான். எருக்கம்பால் ஒரு சொட்டு விட்டா வலி வேரோட செத்துரும்னு ஒருத்தன் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவான். அவனை வாயைத் தொறக்கச் சொல்லிப் பாரு, வேரும் இருக்காது, பல்லும் இருக்காது. மேல்பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும்னு சோடாபுட்டி கண்ணாடி போட்ட ஆளு அடிச்சுச் சொல்லுவாரு. நீ இத்தனையும் கேட்டு, இத்தனையும் செஞ்சு பாத்துட்டு, கடைசியா எங்கிட்ட வந்திருக்கே. கன்னத்துல துண்டு, கண்ணுல தண்ணி, வாயில கிராம்பு வாசம். நெம்ப லட்சணம்.

நான் ஒண்ணும் டாக்டரில்லை. என்ற பேத்திதான் பல் டாக்டருக்குப் படிக்கிறா. லீவுக்கு வந்தாள்னா ஊடு ஊடாப் போயி ஒரே கேள்விதான் கேப்பா: "புடுங்கின பல்லு ஏதாச்சும் இருக்குதுங்களா?" படிக்கற புள்ளைகளுக்குக் கை பழகறதுக்கு நெசப் பல்லு வேணுமாம். மத்த புள்ளைக வளையல் சேப்பாங்க, கம்மல் சேப்பாங்க. இவ மருந்துத் தண்ணி பாட்டில்ல பல்லு சேக்கறா. நீ துண்டைக் கட்டிட்டு வாசல்ல வர்றதைப் பாத்துட்டு என்ற காதுல என்ன சொன்னா தெரியுமா? "அப்பாரு, அந்த மாமனோட கடைவாய்ப் பல்லை எனக்குச் சொல்லி வையுங்க." ஆக, உன்ற பல்லுக்குக் கிராக்கி வந்தாச்சு. குடுக்கறதா, வச்சுக்கறதாங்கறது நீ இன்னும் எத்தனை நாளு துண்டோட திரியறேங்கறதைப் பொறுத்தது.

சரி, வந்ததே வந்தே, ஒரு வேடிக்கை பாரு. அந்தப் பாட்டில்ல இருந்து ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து நெடுக்கா அறுத்து வச்சிருக்கா. இதா, மேல வெள்ளையா இருக்குதே, இதுதான் எனாமல். நம்ம உடம்புலயே கெட்டியான பொருளு இதுதான், எலும்புகூட இதுக்கப்புறம்தான். இதுல நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. போனா மறுபடி வளரவும் வளராது. அதுக்குக் கீழ மஞ்சளா இருக்கறது டென்டின். ஒரு சதுர மில்லிமீட்டர்ல பல்லாயிரக்கணக்குல கண்ணுக்குத் தெரியாத குழாய் ஓடுது அதுல. சில்லுப்பும் இனிப்பும் அது வழியாத்தான் உள்ள சேதி சொல்லுது. நடுவுல குழியா இருக்குதே, அதுல நரம்பும் ரத்தக் குழாயும். வேர் நுனில இருக்கற பொடி ஓட்டை வழியாத்தான் அதுக்கு ரத்தம் வரோணும். வேற எங்க அடிபட்டாலும் வீங்கறதுக்கு எடமிருக்கும். பல்லுக்குள்ள வீங்கினா சுத்தியும் கெட்டிச் சுவரு, ஒரு இம்மி விரிய முடியாது. அந்த இறுக்கந்தான் ராவுல உன்னை எழுப்பி, உன்ற ஊட்டு அம்மணியை எழுப்பி, கட்டுத்தறி நாயையும் எழுப்பி உடுது.

இன்னொண்ணும் பாரு. இந்தப் பல்லுல மேல இருக்கற ஓட்டை எத்தனை பெருசு? ஒரு கடுகை வச்சா அடைஞ்சு போகும். உள்ள பாரு. பாதிப் பல்லு பழுப்பாக் கொழகொழத்துக் கெடக்குது. கண்ணாடியில பாத்துட்டு "ச்சே, சின்னப் புள்ளிதான்"னு சொல்லிட்டுத் திரிஞ்சியே, உன்ற புள்ளிக்கும் அடியில இந்தக் கதைதான் நடந்திருக்கும்.

"பூச்சி தின்னுருச்சு மாமா"ங்கறே. எந்தப் பூச்சி? கூப்புடு, நானும் பாக்கறேன். நம்மூருல கண்டங்கத்திரி விதையை நெருப்புல போட்டு, பொகையை வாயில புடிச்சு, தட்டுத் தண்ணில எதையோ காமிச்சு "பாரு, புழு உழுந்திருச்சு"ம்பாங்க. இது நம்மூரு வித்தை மட்டும்னு நெனைக்காதே. ஐரோப்பாக்காரன் ஹென்பேன்னு ஒரு செடி விதையில இதையே பண்ணியிருக்கான். சூட்டுல விதை வெடிச்சு உள்ள இருக்கற வெள்ளை முளை வெளிய உழுகும், அதைப் புழுன்னு காமிச்சுக் காசு வாங்கியிருக்கான். பியேர் ஃபோஷார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1728-ல பல் வைத்தியத்துக்குன்னே ஒரு பெரிய பொஸ்தகம் போட்டாரு. பல்லுப் புழுவெல்லாம் நான் பாத்ததில்லைன்னு அதுலயே எழுதிட்டாரு. அவரு சொல்லி முந்நூறு வருசம் ஆகப்போகுது. நீ இன்னும் பொகை புடிக்க எடம் தேடறே.

தின்னது பூச்சியில்லை மாப்ளே, நீதான். வாயில நூத்துக்கணக்கான வகைக் கிருமி குடியிருக்குது. அதுல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்னு ஒண்ணு. நீ இனிப்பு தின்னா அதுவும் திங்கும், தின்னுட்டு அமிலத்தைக் கக்கும். தண்ணிக்கு அமிலக் கணக்கு 7-ன்னா, வாயில அது 5.5-க்குக் கீழ எறங்கினதும் எனாமல் கரைய ஆரம்பிக்குது. எச்சில் ஊறி ஊறி அதைச் சரி பண்ண அரை மணி நேரம் ஆகும். இப்ப உன்ற கணக்கைப் போடலாமா? வெடியால எந்திரிச்சதும் ஒரு டீ. பாலைக் கறந்து சொசைட்டில ஊத்திட்டு ஒண்ணு. பத்து மணிக்கு வர்க்கியோட ஒண்ணு. மத்தியானம் தூங்கி எந்திரிச்சு ஒண்ணு. பொழுதோட ஒண்ணு. எவனாச்சும் ஒறம்பரை வந்தா அவனுக்குத் தொணையா ஒண்ணு. ஆறு டீ, அரை மணி வீதம் மூணு மணி நேரம். தெனமும் மூணு மணி நேரம் பல்லை அமிலத்துல ஊறப் போட்டுட்டு, கோயில்ல போயி "எனக்கு மட்டும் ஏன்யா இப்படி"ன்னு சாமியைக் கேக்கறே. எவ்வளவு சக்கரை தின்னேங்கறதைவிட எத்தனை தடவை தின்னேங்கறதுதான் பல்லுக்குக் கணக்கு. ஜிலேபியைச் சோத்தோட ஒட்டுக்காத் தின்னுட்டு வாயைக் கொப்பளிச்சா ஒரு தடவைதான் சேதாரம். ஒரு கமர்கட்டைக் கன்னத்துல அடக்கிட்டு நாள் பூரா சப்பறவனுக்கு நாள் பூரா சேதாரம்.

இப்பச் சொல்றதைக் காதுல வாங்கு. பல்லு உனக்கு ஒரே மாதிரி வலிக்காது. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒவ்வொரு தினுசா வலிச்சு, "இப்ப வந்தா இவ்வளவுதான் வேலை"ன்னு கூப்பிட்டுச் சொல்லும். நீதான் மாத்திரையைப் போட்டு அதன் வாயை அடைக்கறே.

மொதக் கட்டத்துல வலியே இல்லை. பல்லு மேல சுண்ணாம்பு பூசினாப்புல ஒரு வெள்ளைத் திட்டு, இல்லீன்னா பழுப்புக் கோடு. எனாமல்ல நரம்பு இல்லையே, எங்க இருந்து வலிக்கும்? அந்தச் சமயத்துல ஃப்ளோரைடு பேஸ்ட்டை ஒழுங்காத் தேச்சு, டீயைக் கொறைச்சா அது அங்கயே நின்னு கெட்டிப்படக்கூட வழியிருக்குது. ஆனா வலிக்காத பல்லைக் காமிக்க டாக்டர்கிட்டப் போறவன் நம்ம தாலூக்காவுல எவன் இருக்கான்?

ரெண்டாங் கட்டம், சொத்தை டென்டினைத் தொட்டாச்சு. ஐஸ் தண்ணி பட்டா சுருக்குங்கும், தேன்மிட்டாய் பட்டா சுருக்குங்கும். எடுத்ததும் ரெண்டு மூணு நொடியில போயிரும். நீ என்ன பண்ணினே? அந்தப் பக்கம் மெல்லாம அக்கட்டால மெல்ல ஆரம்பிச்சே. பெரிய புத்திசாலி. அன்னிக்குப் போயிருந்தா சொத்தையைச் சொரண்டிட்டு, பல்லு நெறத்துலயே சிமெண்ட் வச்சு அடைச்சு உட்டிருப்பாங்க. ஒரே உக்காரல். செலவும் நூறுகள்ல முடியும்.

மூணாங் கட்டம், நரம்புக் குழி வரைக்கும் போயாச்சு. இப்ப சுடு டீ பட்டாலும் வலி. பட்டதை எடுத்தாலும் வலி நிக்காது, அரை மணி, ஒரு மணின்னு நீளும். எதுவுமே படாம, சும்மா இருக்கறப்பவே பொடுக்குன்னு கெளம்பும். படுத்தா தலைப்பக்கம் ரத்தம் கூடும், அந்த மூடுன குழிக்குள்ள இறுக்கமும் கூடும். அதனாலதான் ராத்திரி பன்னண்டு மணிக்குப் பல்வலிக்காரன் கட்டில்ல இருக்கமாட்டான், திண்ணைல உக்காந்திருப்பான். சில பேரு சொம்புல சில்லுத் தண்ணி வச்சு வாயில அடக்கிட்டே விடிய வைப்பாங்க. சில்லுப்புக்குக் கொஞ்சம் அடங்கும். எந்தப் பல்லுன்னும் தெரியாது. கீழ்ப்பல்லு கெட்டிருக்கும், மேல்பல்லு வலிக்கறதாத் தோணும், காதும் சேந்து குத்தும். அதனால "இந்தப் பல்லைப் புடுங்குங்க"ன்னு நீயா வெரலை வச்சுக் காமிக்காதே. தட்டிப் பாத்து, ஐஸ் வச்சுப் பாத்து, எக்ஸ்ரே எடுத்து அவிங்க கண்டுபுடிக்கட்டும். இந்தக் கட்டத்துல வெறுமனே அடைச்சா பத்தாது, வேர் சிகிச்சைதான். ரூட் கெனால்ங்கறாங்களே, அதேதான். செலவு ஆயிரங்களுக்கு ஏறும்.

நாலாங் கட்டம்தான் தமாசு. வலி நின்னுரும்! நீயும் போன மாசம் வந்து "மாமா, எருக்கம்பால் கேட்டிருச்சு, இப்ப வலியே இல்லை"ன்னு சிரிச்சியே, ஞாபகமிருக்கா? அழுகற கொழந்தை சத்தத்தை நிறுத்தினா தூங்கிருச்சுன்னு அர்த்தம். அழுகற பல்லு சத்தத்தை நிறுத்தினா செத்துருச்சுன்னு அர்த்தம். நரம்பு அழுகிப் போயி, சொல்றதுக்கு ஆளில்லாம பல்லு வாயை மூடிக்கிச்சு. எருக்கம்பால் பண்ணினதெல்லாம் ஈறைப் பொத்துப் புண்ணாக்கினது மட்டுந்தான்.

அஞ்சாங் கட்டத்துலதான் இப்ப நீ உக்காந்திருக்கே. செத்த நரம்புல இருந்து கிருமி வேர் நுனி வழியா எலும்புக்குள்ள எறங்கி சீழ் கட்டியாச்சு. பல்லு மத்த பல்லைவிட உசந்தாப்புல தோணும், கடிச்சா உசுரு போகும், விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், கன்னம் வீங்கும். சில சமயம் ஈறுல கொப்புளமா ஒடைஞ்சு சீழ் வடிஞ்சு வலி கொறையும். அதையும் கொணமாயிருச்சுன்னு கொண்டாடுவே. நீ மருந்துக்கடையில "பல்வலிக்கு ஒரு செட்டு குடுங்க"ன்னு வாங்கிப் போட்டியே, அந்தக் கிருமி மாத்திரை ஏன் கேக்கலை தெரியுமா? மாத்திரை ரத்தத்துல போயித்தான் வேலை செய்யோணும். செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே இல்லை, அது எப்படி உள்ள போகும்? வீக்கம் பரவறப்ப, காச்சல் வர்றப்ப டாக்டர் பாத்துக் குடுக்கறது வேற. ஆனா சீழ் வெளிய வந்து, பல்லுக்குள்ள சுத்தமானாத்தான் நோவு தீரும். செட்டு மாத்திரைல இருக்கற வலி மாத்திரையை வெறும் வயித்துல போட்டுட்டே இருந்தா பல்லு இருக்குமோ இல்லையோ, வயித்துப் புண்ணும் கிட்னிச் சீக்கும் வந்து சேரும்.

இதுல மட்டும் நான் கிண்டல் பண்ணலை, கேட்டுக்க. வீக்கம் தாவாக்கட்டைக்கு அடியில எறங்கி, நாக்கு மேல தள்ளி, எச்சில் முழுங்க முடியாம, வாய் தொறக்க முடியாம, மூச்சுத் திணறுச்சுன்னா அது பல்வலி இல்லை, உசுருக்கு வந்த வலி. ஜெர்மனி டாக்டர் லுட்விக் 1836-லயே அதை எழுதி வச்சிருக்காரு, அவர் பேருலதான் அதைச் சொல்றாங்க. தொண்டையை அடைச்சு ஆளையே கொண்டு போயிரும். அந்த அறிகுறி தெரிஞ்சா கிளினிக்கு, டோக்கன்னு நிக்காம 108-க்குப் போனைப் போட்டு நேரா பெரியாஸ்பத்திரி.

உனக்கு இன்னும் அந்தப் பக்கம் போகலை, கன்னத்தோட நிக்குது. அதனால மறுபடி கிண்டலுக்கு வர்றேன். நீ ஏன் போகலை? ஊசிக்குப் பயம். ஆறடி ஆளு, ஜல்லிக்கட்டு பாக்கப் போயி வேலி மேல ஏறி நின்னு விசிலடிக்கறவன், ஊசின்னா பொட்டாட்ட பின்னால நழுவறான். அந்தக் காலத்து ஆளுகளை நெனைச்சுப் பாரு. மரக்கவே மருந்து கெடையாது, நாலு பேரு அமுக்கிப் புடிக்க ஒருத்தன் குறடு வச்சு இழுப்பான். அமெரிக்காவுல ஹொரேஸ் வெல்ஸ்னு ஒரு பல் டாக்டரு. 1844 டிசம்பர்ல சிரிப்பு வாயுவை மோந்துட்டு, தன்ற சொந்தப் பல்லையே இன்னொரு டாக்டரை வச்சுப் புடுங்கிக்கிட்டாரு, வலிக்குதா இல்லையான்னு பாக்க. வலிக்கலை. அதுக்கப்புறம் 1943-ல ஸ்வீடன்ல லோஃப்கிரன்ங்கறவர் லிக்னோகெய்ன் கண்டுபுடிச்சாரு. இன்னிக்கு உன்ற ஈறுல போடறது அந்த மருந்துதான். எறும்பு கடிச்சாப்புல ஒரு நொடி, அப்புறம் ஒதடு எங்க இருக்குதுன்னே தெரியாது. ஆனா ஒரு சூட்சுமம் இருக்குது: சீழ் கட்டின எடத்துல அமிலம் அதிகம், அங்க மரக்கற மருந்து சரியா வேலை செய்யாது. ஊசி வலிக்கும்னு பயந்து தள்ளிப் போட்டவனுக்குத்தான் ஊசி அதிகமா வலிக்கும். சாமி எவ்வளவு நாயஸ்தன் பாரு.

ரூட் கெனால்ல என்ன பண்ணுவாங்க? மரக்க வச்சு, மேல ஒரு தொளை போட்டு, அழுகின நரம்பை எடுத்துட்டு, ஒவ்வொரு வேர்க்குழாயையும் தலைமுடி கனத்துல இருக்கற கம்பியை உட்டு ராவி, மருந்துத் தண்ணில கழுவி, குட்டா பெர்ச்சாங்கற பொருளை வச்சு அடைப்பாங்க. அது மலேயாப் பக்கத்து மரத்துப் பாலு. எருக்கம்பாலுக்கு ஆசைப்பட்டவன்தானே நீ, இந்தப் பாலை வச்சுக்க. சில பல்லு ஒரே நாள்ல முடியும், சிலதுக்கு ரெண்டு மூணு தடவை வரச் சொல்லுவாங்க. இங்கதான் நம்மாளு வேலையைக் காட்டுவான். மொத நாளே வலி நின்னுரும். "வலிதான் போயிருச்சே, எதுக்கு மறுபடி"ன்னு பாதியிலயே உட்டுருவான். இல்லீன்னா மேல கேப் போடச் சொன்னா "அது அவிங்க காசு புடுங்கற வித்தை"ம்பான். நரம்பெடுத்துத் தொளை போட்ட கடைவாய்ப் பல்லு பலங்கொறைஞ்சு போயிரும், கேப் போடாம முறுக்கைக் கடிச்சா ரெண்டாப் பொளக்கும். பொளந்ததுக்கப்புறம் என்ற பேத்தி பாட்டிலுக்குத்தான்.

பல்லு கைமீறிப் போச்சுன்னா புடுங்கித்தான் ஆகோணும். கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலயும் பல் டாக்டர் இருக்காங்க. புடுங்கினா கண்ணு போகாது மாப்ளே. கண்ணு பாக்கற நரம்பு வேற, பல்லு வலிக்கற நரம்பு வேற. பஞ்சை வச்சு அரை மணி நேரமாச்சும் கடி. துப்பிட்டே இருக்காதே, ஒறிஞ்சு குடிக்காதே, முக்கியமா பீடியைத் தொடாதே. அந்தக் குழியில உறையற ரத்தந்தான் புண்ணுக்கு மூடி. அது கழண்டு போனா ரெண்டு மூணு நாள் கழிச்சு எலும்பு வெறுமையாக் கெடந்து புடுங்கின வலியைவிடப் பெரிய வலி வரும். இன்னொண்ணு, சக்கரைக்கோ, நெஞ்சுவலிக்கு ரத்தம் உறையாம இருக்கவோ மாத்திரை திங்கறவன் அதை மறைக்காமச் சொல்லிரோணும். அந்த மாத்திரையை அவனா நிறுத்தவும் கூடாது. பல்லு போன எடத்தைச் சும்மா உட்டா பக்கத்துப் பல்லு சாயும், எதுத்த பல்லு நீளும், அதனால மாத்துப் பல்லுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா.

எல்லாப் பல்வலிக்கும் சொத்தைதான் காரணம்னு நெனைச்சுக்காதே. பல்லு தேய்க்கறப்ப எச்சில்ல செவப்பாத் தெரிஞ்சா ஈறு நோவு. ஈறுக்கடியில அழுக்கு உறைஞ்சு காரையாகி, எலும்பையே கரைச்சுப் பல்லை ஆட வச்சுரும். சக்கரைக்காரனுக்கு வேகமா நடக்கும். ஈறு சீழா இருந்தா சக்கரையும் அடங்காது. காரையைச் சொரண்டினா பல்லு ஆடும்னு பயமுறுத்தறாங்களே, அது பொய். ஏற்கெனவே ஆடற பல்லைக் காரைதான் முட்டுக் குடுத்து மறைச்சு வச்சிருந்துச்சு. கடிக்கறப்ப இல்லாம, கடிச்சுட்டு உடறப்ப சுருக்குன்னு குத்தினா பல்லுல விரிசல். சோடா மூடியைப் பல்லுல தொறந்து காமிச்சு சீன் போட்ட பயலுக வழக்கமா இந்த ரகம். பதினேழுல இருந்து இருவத்தஞ்சு வயசுக்குள்ள கடைசிப் பல்லு மொளைக்க எடமில்லாம பாதி ஈறுக்குள்ள மாட்டும். மேல மூடியிருக்கற சதைக்கடியில சோறு போயி அழுகி, வாய் தொறக்க முடியாமப் பண்ணும். ஞானப்பல்லுன்னு பேரு, ஞானம் மட்டும் வந்த பாடில்லை.

பல்லுல ஒண்ணுமே இல்லாமலும் பல்லு வலிக்கும். சளி புடிச்சு, குனிஞ்சா மண்டை கனத்து, மேல் கடைவாய்ப் பல்லு நாலஞ்சு ஒட்டுக்கா வலிச்சா அது சைனஸ். மூஞ்சில காத்துப் பட்டாலே, தண்ணி பட்டாலே கரண்டு அடிச்சாப்புல சில நொடி வெட்டி வெட்டி இழுத்தா அது முகத்து நரம்பு நோவு. அது தெரியாம பல்லு மேல பல்லாப் புடுங்கிட்டு, வலி மட்டும் அப்படியே இருக்கறவங்க உண்டு. நரம்பு டாக்டர் மாத்திரைல அடங்கற நோவு அது. நடந்தா, மேடு ஏறினா கீழ்த்தாடை வலிக்குது, உக்காந்தா நிக்குது, கூட நெஞ்சடைப்பு, வேர்வை, கை கடுப்புன்னா நெஞ்சு கூப்புடுது. அங்க கிராம்பை வச்சுட்டு உக்காந்திருந்தா பாடைக்குத்தான் சொல்லி அனுப்போணும்.

கிராம்பைத் திட்டறேன்னு நெனைக்காதே. அதுல யூஜினால்னு ஒரு எண்ணெய் இருக்குது, நெசமாவே மரக்க வைக்கும். அதையே துத்தநாக ஆக்சைடு தூளோட கொழைச்சுத்தான் பல் டாக்டர்களும் தற்காலிகமா அடைக்கறாங்க. கிராம்பு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணி, வெளிய கன்னத்துல துணி சுத்தின ஐஸு, டாக்டர் சொன்ன அளவுல ஒரு வலி மாத்திரை. இதெல்லாம் ராவைத் தாண்டி வெடியால டாக்டர் வர்ற வரைக்கும். நீ அதை ஆறு மாச வைத்தியமாக்கினே. ஆஸ்பிரினை ஈறுல வச்சு அடக்காதே, வெந்து வெள்ளையாயிரும். பொகையிலையை அடக்கினீன்னா அந்த எடத்துலயே புத்து வைக்கும். பாக்கு மெல்லறதையும் உட்டுரு. நாளாக நாளாக வாய் தொறக்கறதே சுருங்கிரும். ரெண்டு வாரத்துல ஆறாத வாய்ப்புண்ணை எவன்கிட்டயும் வைத்தியம் கேக்காம ஆஸ்பத்திரில காமிச்சிரு.

உன்ற பையனுக்கும் சொத்தை இருக்குதுன்னு பேத்தி சொன்னா. "உழுகற பல்லுதானே மாமா"ங்கறே. உழுகற பல்லு இருவதும் பின்னால வர்ற பல்லுக்கு எடம் புடிச்சு வைக்குது. கடைவாய்ப் பால்பல்லு பத்துப் பன்னண்டு வயசு வரைக்கும் இருக்கோணும். ஆறு வயசுல கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால ஒரு கடைவாய்ப் பல்லு சத்தமில்லாம மொளைக்கும். எதுவும் உழுகாம மொளைக்கறதால எல்லாரும் அதையும் பால்பல்லுன்னே நெனைச்சு உட்டுருவாங்க. அது சாகற வரைக்கும் கூட வரவேண்டிய பல்லு. போனா அவ்வளவுதான், அடுத்தது கெடையாது.

தடுக்கறதுக்கு என்ன வழிங்கறே. வேப்பங்குச்சியில தேய்க்கறேன்னு பெருமை பேசினே. நல்லதுதான், ஆனா நீ தேய்க்கறது கண்ணாடில தெரியற நாலு முன்பல்லை, சொத்தை வர்றது கடைவாயில. செங்கல் தூளும் கரித்தூளும் பல்லை வெளுக்காது, எனாமலைத்தான் ராவும். மெதுவான பிரஷ்ஷு, ஃப்ளோரைடு பேஸ்ட்டு, ரெண்டு நிமிசம், வெடியாலயும் ராத்திரியும். ராத்திரி தேய்க்கறதுதான் முக்கியம், தூங்கறப்ப எச்சில் ரொம்பக் கொறைவாத்தான் ஊறும், கிருமிக்கு அது நோம்பி. போன்ல எவனோ ஃப்ளோரைடு விஷம்னு அனுப்பினானாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கெணத்துத் தண்ணில அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போயி, பல்லு பழுப்பாகி, எலும்பு வரைக்கும் கெட்டு, அதுக்குன்னே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்தாங்க. அது வருசக்கணக்காக் குடிச்ச கதை. நீ தேச்சுத் துப்பற பட்டாணியளவு பேஸ்ட்டு அதுக்குச் சமமா? மூணு வயசுக்குள்ள கொழந்தைக்கு அரிசியளவு போதும். ஊக்குலயும் ஈர்க்குச்சியிலயும் குத்தறதை நிறுத்து. பல்லிடுக்கு எடுக்க நூலு விக்கறாங்க, வாங்கு.

இப்ப எந்திரி. டாக்டர்கிட்ட உக்காந்ததும் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு ஊமையாட்டம் இருக்காதே. சில்லுன்னு பட்டா எவ்வளவு நேரம் வலிக்குது, சூடு பட்டா என்ன ஆகுது, படுத்தா கூடுதா, கடிக்கறப்ப வலியா உடறப்ப வலியா, எத்தனை நாளா வீக்கம், என்னென்ன மாத்திரை போட்டே. இதுக்கெல்லாம் ஒழுங்காப் பதில் சொன்னீன்னா பாதி நோவு அங்கயே தெரிஞ்சிரும். எருக்கம்பால் உட்டதையும் சொல்லிரு. வெக்கப்படாதே, அவிங்க பாக்காத கூத்தா.

போகலையா? சரி, போகவேண்டாம். அடுத்த மாசம் மாரியாத்தா நோம்பி. கெடா வெட்டறோம். நெஞ்செலும்பு, நல்லியெலும்பு எல்லாத்தையும் நானும் பங்காளிகளும் கடிச்சுக்கறோம். உனக்கு ஒரு டம்ளர்ல கொழம்பை வடிச்சுக் குடுக்கச் சொல்றேன். என்ற பேத்தியும் அன்னிக்கு வர்றா, பாட்டிலோட.